காளான் பொடியும் ஜப்பானிய ஊசியும்

புற்றுநோய்க்குக் காளான் மருந்து என்று சொல்லி, பொடி, மாத்திரை தொடங்கி காப்பித்தூள் வரை விற்கிறார்கள். விற்பவர்கள் சாட்சிக்கு அழைப்பது பெரும்பாலும் ஜப்பானைத்தான். காளானிலிருந்து எடுத்த மருந்துகளை அந்நாட்டு அரசே அங்கீகரித்தது உண்மை. ஆனால் அந்தக் கதையை இவர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

ஷிடாகே என்பது ஜப்பானியர் அன்றாடம் சமைக்கும் காளான். டோக்கியோ தேசியப் புற்றுநோய் மையத்தின் கோரோ சிஹாராவும் அவருடைய குழுவினரும் அதிலிருந்து ஒரு கூட்டுச் சர்க்கரையைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் லென்டினன். புற்றுக்கட்டி ஏற்றிய எலிகளுக்கு அதை ஊசியில் செலுத்தியபோது கட்டி வளர்வது நின்றது. பலவற்றில் கரைந்தே போனது. 1969-இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது. வியப்பு அதற்குப் பிறகுதான். லென்டினன் புற்றணுவை நேரடியாகக் கொல்வதில்லை. பிறந்தவுடன் தைமஸ் சுரப்பி நீக்கப்பட்ட எலிகளிடம் அது பலிக்கவும் இல்லை. நோய் எதிர்ப்புப் படையின் டி அணுக்கள் முதிர்வது அந்தச் சுரப்பியில்தான். அப்படியென்றால் கட்டியைத் தாக்கியது எலியின் சொந்த உடல். காளான் சரக்கு அதை உசுப்பிவிட்டது, அவ்வளவே.

உசுப்புவது எப்படி? லென்டினன், பீட்டா குளுக்கான் என்ற வகையைச் சேர்ந்தது. பூஞ்சைகளின் செல்சுவரில் இது முக்கியப் பகுதி. மனித உடலில் இது கிடையாது. நம் வெள்ளணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் டெக்டின்-1 என்ற ஏற்பி இதை அடையாளம் காண்கிறது. தெருவில் அந்நியக் காலடி கேட்டதும் குரைக்கும் நாயைப்போல அந்த வெள்ளணு மற்ற அணுக்களையும் எழுப்பிவிடுகிறது.

ஜப்பானில் 1977-இல் கிரெஸ்டின் என்ற இன்னொரு காளான் மருந்து அங்கீகாரம் பெற்றது. பட்டுப்போன மரங்களில் விசிறி விசிறியாய் முளைக்கும் ‘வான்கோழி வால்’ காளானின் சாறு அது, வாய்வழி உட்கொள்வது. 1985-இல் லென்டினன் ஊசி வந்தது, இரைப்பைப் புற்றுக்கு, அதுவும் கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுக்க. விளம்பரங்களில் காணாமல் போவது இந்தக் ‘கீமோவோடு சேர்த்து’ என்பதுதான். 1994-இல் ‘லான்செட்’ வெளியிட்ட ஆய்வில், இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 262 பேரில் கீமோவுடன் கிரெஸ்டினும் பெற்றவர்களில் 73 சதவீதம் பேர் ஐந்தாண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதம். சின்ன வித்தியாசமல்ல.

பிறகு கீமோ மருந்துகளே மேம்பட்டன. எஸ்-1 என்ற புதிய மாத்திரையோடு லென்டினனைச் சேர்த்துச் சோதித்தபோது நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை. 2010-களின் இறுதியில் ஜப்பானில் இரண்டு மருந்துகளின் விற்பனையும் முடிவுக்கு வந்தது. ஜப்பான் கைவிட்டதைத்தான் ஜப்பான் பெயரைச் சொல்லி இங்கே விற்கிறார்கள்.

சரி, சாப்பிட்டால் புற்று வராமலாவது இருக்குமா? 17 ஆய்வுகளைத் திரட்டி 2021-இல் பென்சில்வேனியா ஆய்வாளர்கள் போட்ட கணக்கில், தினம் 18 கிராம் காளான் சாப்பிடுபவர்களுக்குப் புற்று அபாயம் 45 சதவீதம் குறைவு. ஆனால் அமெரிக்கச் செவிலியர்களும் சுகாதாரத் துறையினருமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வில் அப்படியொரு தொடர்பு தெரியவில்லை. காளானை விரும்பிச் சாப்பிடுபவர் காய்கறியும் கூடுதலாகச் சாப்பிடுபவராக இருக்கலாம். எது காத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். என் வாக்கு இரண்டாவது ஆய்வுக்கே.

உணவாகக் காளானிடம் குறை சொல்ல ஏதுமில்லை. கொழுப்பு குறைவு, நார்ச்சத்து உண்டு. எர்கோதயோனின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான் காளானில் இருக்குமளவுக்கு வேறு உணவுகளில் இருப்பது அரிது. நறுக்கிச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் அதிலுள்ள எர்கோஸ்டிரால் வைட்டமின் டி2 ஆக மாறும். பட்டன், சிப்பி, கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரப்பிய பால் காளான் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எதையும் நன்றாக வேகவைக்க வேண்டும்: அரைவேக்காட்டு ஷிடாகே சிலருக்கு உடம்பெங்கும் சாட்டையடித் தழும்புபோலத் தடிப்பை உண்டாக்கும், அதற்குக் காரணமும் அதே லென்டினன்தான்.

பொடியும் மாத்திரையும் வேறு கணக்கு. அவற்றில் சரக்கு செறிவாக இருக்கும். ரெய்ஷி என்ற காளான் வகை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள், கீமோவில் இருப்பவர்கள் டப்பாவைப் பிரிக்கும் முன்பே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.