காய்ந்த பிறகு வண்ணம் ஏன் அடர்கிறது?

தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் ஒரு மாந்தோப்பு. கிளையில் தொங்கும் பெங்களூரா மாங்காயை அக்ரிலிக்கில் தீட்டுகிறீர்கள். பச்சை அப்படியே பொருந்துகிறது. காய்ந்ததும் பார்த்தால், ஒரு சாயல் அடர்ந்திருக்கிறது. ஏன்?

அக்ரிலிக் வண்ணத்தில் நிறமித் தூளோடு, தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் உண்டு. ஈரத்தில் அவை ஒளியைச் சிதறடிப்பதால் பால் கலந்ததுபோல வெளிறித் தெரியும். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் நெருங்கி, ஒட்டி, தெளிந்த படலமாகிவிடும். நிறமியின் அசல் நிறம் தெரியும். பிறகு தண்ணீரில் கரையாது.

சித்திரை வெயிலில் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடும், அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். வண்ணத்தைக் கத்தியால் அள்ளி அப்பித் தீட்டிய காய் என்றால் மேலே தோல் கட்டியும் உள்ளே ஈரமிருக்கும். அதன் நிறம் நாள் கணக்கில் மாறும். கலக்கும்போதே சற்று வெளிறலாக வைப்பதுதான் புத்திசாலித்தனம்.