மரத்தக்காளியும் அக்ரிலிக் வர்ணமும்

மரத்திற் பழுத்த கனியை உள்ளக் கிளர்ச்சியோடு விரைந்து தீட்டுவார்க்கு, எளிதில் உலரும் அக்ரிலிக் வர்ணம் உகந்ததே. எனினும் நுவரெலியாவில் அக்கிளர்ச்சி மட்டும் போதாது. அந்தீஸ் மலையினின்று வந்து இங்கு வேரூன்றிய மரத்தக்காளியைக் காண்க: அகன்ற இலைகளின் கீழ் முட்டை வடிவக் கனிகள் செந்நிறமாய்த் தொங்கும். அச்செம்மையே ஓவியனை ஏமாற்றுவது. வர்ணத்திலுள்ள பசை ஈரத்தில் பால்போல் வெளுத்திருந்து, நீர் வற்றியதும் தெளிந்துவிடும், நிறம் கருமையுறும். ஆதலின் கண்ட நிறத்தினும் சற்று வெளிறக் குழைத்தல் வேண்டும்.

இதனினும் பெரும்பகை குளிராகும். ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் கீழே பசைத்துகள்கள் ஒன்றோடொன்று இணையா. படலம் வெடிக்கும், அன்றேல் பொடியாய் உதிரும். தேயிலைக் கொழுந்தே உறைபனியிற் கருகும் தைமாத இரவுகளில், லயத்து வெளிவாசலில் விடப்பட்ட ஈரப்படம் பிழைப்பதரிது. வெயிலேறிய பின் தொடங்கி, அந்திக்கு முன் காம்பராவினுள், அடுப்புப்புகை படியாத சுவரோரம் சேர்த்தல் நன்று.