‘அங்கே’ என்றால் எங்கே? மறதி நோயில் கைகொடுக்கும் பட அட்டைகள்!

“அங்கே போகணும்டா... அங்கே!” காலையிலிருந்து பாட்டி இதையேதான் சொல்கிறார். “ஊருக்காம்மா? அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன்” என்கிறார் மகன். பாட்டிக்குக் கோபம் தலைக்கேறுகிறது. புடவை நனைந்த பிறகுதான் புரிகிறது, அவர் கேட்டது பாத்ரூமை!

டிமென்ஷியா வந்த பெரியவர்கள் இருக்கும் பல வீடுகளில் நடப்பதுதான் இது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என 2023-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சம்பவங்கள் மறப்பது மட்டுமல்ல, பொருள்களின் பெயர்களும் நழுவிவிடும். தேவை மனதில் இருக்கும், வார்த்தைதான் வராது.

அந்த இடத்தில் படம் கைகொடுக்கிறது. ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் 1990-களின் இறுதியில் உருவான ‘டாக்கிங் மேட்ஸ்’ இந்த வகைதான். ஒரு விரிப்பில் பிடிக்கும், பிடிக்காது, சொல்லத் தெரியவில்லை என மூன்று இடங்கள். ஒவ்வொரு படத்தையும் அவர் எங்கே வைக்கிறாரோ, அதுதான் பதில்.

வீட்டிலேயே எளிய அட்டைகள் தயாரிக்கலாம். இணையத்தில் கிடைக்கும் படங்களை அப்படியே எடுக்க வேண்டாம். தரையோடு பதித்த கழிவறையில் பழகியவருக்கு வெஸ்டர்ன் டாய்லெட் படம் ஏதோ நாற்காலி மாதிரிதான் தெரியும். அவர் குடிக்கும் டம்ளர், உங்கள் வீட்டு பாத்ரூம், அவருடைய தலையணை... இவற்றையே செல்போனில் எடுங்கள். ஓர் அட்டைக்கு ஒரு பொருள், பின்னணி வெறுமையாக இருக்கட்டும். போஸ்ட் கார்டு அளவில் பிரின்ட் போடுங்கள். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம். வெளிச்சம் பட்டால் படமே தெரியாது. சாப்பாடு, தூக்கம், குளிர் எல்லாவற்றையும்விட முக்கியமானது ‘வலி’ அட்டை. காரணமில்லாத அடம் என்று நினைப்பது பல நேரங்களில் சொல்லத் தெரியாத வலியாக இருக்கும்.

காட்டுவதற்கு முன் கண்ணாடியை மாட்டிவிடுங்கள். நேர் எதிரே உட்கார்ந்து, “தண்ணி வேணுமாம்மா?” என்று ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்து விநாடியாவது! ஒரு நேரத்தில் இரண்டு அட்டைகள் போதும். சந்தேகமாக இருந்தால் இடம் மாற்றிக் காட்டுங்கள். சிலர் எப்போதும் வலப்பக்கத்தையே தொடுவார்கள். “இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்” என்று பரீட்சை மட்டும் வைக்காதீர்கள். தோற்றுப்போன அவமானத்தில் அட்டையையே வெறுத்துவிடுவார்.

பலரும் செய்ய மறக்கும் அட்டை ‘வேண்டாம்’. குளியல் படத்தைக் காட்டும்போது அவர் அதைத் தொட்டால், அரை மணி நேரம் கழித்துக் கேளுங்கள். மறுக்க வழியில்லை என்றால் அது கேள்வி இல்லை, உத்தரவு.

நோய் முற்றும்போது படமும் புரியாமல் போகலாம். அப்போது அட்டைக்குப் பதில் டம்ளரையும் துண்டையுமே கையில் கொடுத்துப் பாருங்கள். ஆனால், நேற்று வரை பேசியவர் திடீரெனக் குழறினாலோ, ஒரே நாளில் குழப்பம் அதிகமானாலோ அட்டையைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பக்கவாதமாகவோ, தொற்றாகவோ இருக்கலாம்.

பாத்ரூம் படத்தில் கூடுதலாக ஒரு பிரதி எடுத்து, அந்தக் கதவிலேயே பாட்டியின் கண் மட்டத்தில் ஒட்டிவிடுங்கள். இரவில் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.