யார் பட்ட கடன்?

தேசத்தின் கடன் ஏறுகிறதென்று கேட்டவுடன் சர்க்காரைக் குறை கூறுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அந்நியர் ஆண்ட காலத்தில் அதற்குப் பூரண நியாயம் இருந்தது. 1833-ஆம் வருஷத்துச் சட்டப்படி, கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு நூற்றுக்குப் பத்தரை வீதம் லாபம் கொடுக்கும் பாரம் இந்தியாவின் வரிப்பணத்தின்மீது சுமத்தப்பட்டது. 1857-இல் மூண்ட கிளர்ச்சியை அடக்கிய செலவோ, அடக்கப்பட்டவர்கள் தலையிலேயே விழுந்தது. அடித்தவனுக்கு அடிபட்டவனே கூலி கொடுத்த விந்தை இது! மறு வருஷம் கம்பெனியின் ஆட்சி போயிற்று. அதன் கடன் மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது. 1867-இல் துருக்கி சுல்தானுக்கு லண்டனில் அளித்த உபசாரத்துக்குக்கூட, உப்புக்கு வரி கொடுத்த நம் குடியானவனே பணம் கொடுத்தான். (அவனுக்கு அழைப்புச் சீட்டு வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.) 1931-இல் காங்கிரஸ் நியமித்த கமிட்டியில் குமரப்பா, கே.டி. ஷா முதலியோர் அமர்ந்து இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்து, இங்கிலாந்தே ஏற்க வேண்டிய இனங்களை எடுத்துக் காட்டினார்கள்.

இன்றைய கடனை அப்படி யார்மீது தள்ளுவது? மத்திய சர்க்காரின் கடனுக்கு வரம்பு கட்டும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 292-ஆம் ஷரத்து பார்லிமெண்டுக்கு அளித்திருக்கிறது. நிதிப் பொறுப்புக்கென்று ஒரு சட்டம் பிறப்பதற்கே 2003 ஆயிற்று. 2018-இல் அதைத் திருத்தி, மத்தியக் கடன் 2024-25-க்குள் தேச உற்பத்தியில் நூற்றுக்கு 40 ஆகக் குறைய வேண்டுமென்றார்கள். குறையவில்லை. வோட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வந்தவர்களிடம் பாலம் கேட்டோம், சலுகை கேட்டோம், இதைக் கேட்கவில்லை.