பிள்ளைக்கு முதற் கைக்கடிகாரம்

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்குகின்ற வாரங்களிலே மணிக்கூட்டுக் கடைகளில் ஒரு காட்சியைக் காணலாம். தந்தையார் கண்ணாடிப் பெட்டியின் மேலே குனிந்து விலைச்சீட்டுகளை வாசித்துக்கொண்டிருப்பார். பிள்ளையோ அதே பெட்டியின் கீழ்த்தட்டில், பொத்தானை அழுத்தினால் ஐந்து நிறத்தில் ஒளிவிடுகின்ற ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கும். இருவர் கண்களும் ஒரே பொருளிற் சந்திப்பது அரிது. கடைசியில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்ற அவசரத்திலே ஏதோ ஒன்று வாங்கப்படும். பரீட்சை முடிந்து இரண்டு மாதங்களுக்குள் அது அறுந்த பட்டியோடு மேசை இழுப்பறைக்குள் உறங்கும்.

மலிவாக வாங்கியதனால் வந்த வினை இது என்று பலர் கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. பிள்ளைக்கு மலிவான கடிகாரமே வாங்கவேண்டும் என்பது என் கட்சி. அதற்குக் காரணமான பழைய கதையொன்றை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

நான் ஆறாம் வகுப்பிற் சேர்ந்த ஆண்டில் ஐயா எனக்கொரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தார். நாள்தோறும் சாவி கொடுக்கும் வகை. அந்த மாதச் சம்பளத்தில் அதற்காக எவ்வளவு போயிற்று என்பதை அம்மாவின் முகத்திலிருந்தே அறிந்துகொண்டேன். மூன்று வாரங்கூட ஆகவில்லை. கோயிற் கேணியிற் குளிக்கப் போனவன் அதனைக் கழற்றிச் சட்டைக்குள்ளே சுற்றிப் படியில் வைத்தேன். ஏறி வந்தபோது சட்டை மாத்திரம் இருந்தது. அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. பனங்கூடலுக்குள்ளே ஒளிந்திருந்தேன். இருட்டியபின் அரிக்கன் லாம்போடு தேடிவந்த ஐயா, "துலைஞ்சது மணிக்கூடுதானே, நீ இல்லையே. எழும்பி வா" என்றார். அடிக்கவில்லை, ஏசவுமில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் நடந்ததைப் பின்னர்தான் அறிந்தேன். நான் மூழ்கிவிட்டேனென்று எண்ணி ஊரார் நால்வர் கேணிக்குள் இறங்கித் துழாவியிருக்கிறார்கள். அம்மா படியிலிருந்தபடியே மயங்கி விழுந்திருக்கிறார்.

அன்றிலிருந்து, பிள்ளைக்கு வாங்கும் கடிகாரத்தின் விலையை ஒரே அளவுகோலினால் அளக்கிறேன். தொலைந்துவிட்ட செய்தியைப் பிள்ளை அன்று மாலையே வீட்டுக்கு வந்து அஞ்சாமற் சொல்லக்கூடிய விலையாக அது இருத்தல் வேண்டும். அந்தத் தொகை வீட்டுக்கு வீடு வேறுபடும். 2022 ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின் எல்லா வீடுகளிலும் அது சுருங்கித்தான் இருக்கின்றது.

நல்ல காலமாக, மலிவான கடிகாரம் பொய் மணி காட்டும் என்ற நிலை மாறி அரை நூற்றாண்டாகிவிட்டது. 1969 டிசெம்பர் 25 ஆந் தேதி ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் முதலாவது குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபோது அதன் விலை 4,50,000 யென். அக்காலத்தில் ஒரு சிறிய மோட்டார் காரின் விலை. இன்று அதே தத்துவத்தில் இயங்கும் கடிகாரம் நடைபாதைக் கடையிற் கிடைக்கின்றது. மின்சாரம் பாய்ந்தால் அதிருகின்ற சிறு படிகக் கல்லொன்று அதற்குள்ளே உண்டு. அது விநாடிக்கு 32,768 தடவை அதிரும்படி வெட்டப்பட்டிருக்கும். இந்த விசித்திரமான எண் எதற்காக என்று மாணவர்கள் ஒரு தாளில் வகுத்துப் பார்க்கலாம். அதனைப் பதினைந்து முறை பாதியாக்கினால் மிஞ்சுவது ஒன்று. அந்த ஒன்றே ஒரு விநாடி. முள் ஓரடி நகருகின்றது.

இக்கல் விலையுயர்ந்த கடிகாரத்துக்கும் மலிவான கடிகாரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சாதாரண குவாட்ஸ் கடிகாரம் மாதமொன்றுக்குப் பதினைந்து, இருபது விநாடிகள் பிசகும். சாவி கொடுத்த பழைய கடிகாரங்களிற் பல ஒரே நாளில் அவ்வளவு பிசகின. கசியோ நிறுவனத்தின் எப்-91டபிள்யூ என்னும் சிறிய கறுப்புக் கடிகாரத்தைப் பலர் கண்டிருப்பீர்கள். 1989 ஆம் ஆண்டில் வெளிவந்த அது இன்றும் உருமாறாமல் விற்பனையாகின்றது. ஒரே பற்றரியில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஓடும். ஆகவே கூடுதற் பணம் கொடுக்கும்போது நாம் நேரத்துக்குக் கொடுப்பதில்லை. உறைக்கும் பட்டிக்கும் பெயருக்குமே கொடுக்கிறோம். அந்தப் பெயரையும் ஓரெழுத்து மாற்றி அச்சிட்டு விற்பவர்கள் உண்டு. பெயரைப் பொய்யாகப் போட்டவர் உள்ளே எதனை மெய்யாகப் போட்டிருப்பார்? அதைவிட, பெயரே இல்லாத கடிகாரம் நேர்மையானது.

எண்ணைக் காட்டும் கடிகாரமா, முள்ளுள்ள கடிகாரமா என்னும் வினாவுக்கு வருவோம். பிள்ளை எண் கடிகாரத்தையே கேட்கும். அதில் 9.47 என்று கண்டவுடன் வாசித்துவிடலாம். ஆனால் பத்து மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கின்றதென்று கேட்டுப் பாருங்கள். நூறிலிருந்து கழித்து ஐம்பத்துமூன்று நிமிடமென்று சொல்கின்ற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். வட்ட முகப்பிலே மிஞ்சியிருக்கும் நேரம் ஒரு துண்டு இடமாகக் கண்ணுக்குத் தெரிகின்றது. பரீட்சை மண்டபத்தில், எத்தனை மணி என்பதைவிட இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதே பிள்ளைக்கு வேண்டியது. ஆதலால் முதற் கடிகாரம் முள்ளுள்ளதாயிருக்கட்டும். முகப்பிலே பன்னிரண்டு இலக்கங்களும் முழுமையாக இருக்கவேண்டும். நாகரிகமென்று நான்கு கோடுகளை மட்டும் போட்டிருப்பவை நேரம் பார்க்கத் தெரிந்த பெரியவர்களுக்கே உரியன. மணி முள்ளும் நிமிட முள்ளும் வேறு வேறு நிறமாயிருந்தால் மிக நன்று. சுவிற்சலாந்திலே 1987 முதல் சிறுவர்களுக்கென்றே செய்யப்பட்டுவரும் பிளிக் பிளாக் கடிகாரங்களின் இரகசியம் இதுதான். அதற்காக அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. ஐந்தாம் வாய்பாடு தெரிந்த பிள்ளை ஒரு வாரத்திற் பழகிவிடும்.

நேரத்தைத் திருத்தி வைக்கவும் பிள்ளையையே பழக்குங்கள். 1996 மே மாதத்தில் இலங்கையின் நேரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்தள்ளப்பட்டு, 2006 ஏப்பிரலிலேதான் பழைய இடத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுகளிலும் பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுக் கேட்டு முள்ளைத் திருகியவர்களுக்கு இக்கலை நன்றாகத் தெரியும்.

கடையிலே கவனிக்கவேண்டியவை சில உண்டு. முகப்பிலோ முதுகிலோ 30 மீற்றர் என்று எழுதியிருப்பதைக் கண்டு, அதனோடு நீந்தலாமென எண்ணிவிடாதீர்கள். கை கழுவும் நீரையும் மழைத் தூறலையும் தாங்கும் என்பதே அதன் பொருள். கிணற்றடிக்கும் கடலுக்கும் கழற்றிவிடவேண்டும். (எங்கே வைப்பது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். சட்டைக்குள் வேண்டாம்.) நம்முடைய வெயிலிலும் வியர்வையிலும் மெல்லிய செயற்கைத் தோற் பட்டி சில மாதங்களில் உரிந்துவிடும், றப்பர் அல்லது நைலோன் துணிப் பட்டி கழுவிப் பாவிக்கக்கூடியது. மலிவான உலோக முதுகிலுள்ள நிக்கல் சில பிள்ளைகளின் தோலிற் சிவந்து தடிக்கும். துணிப் பட்டியை முதுகின் கீழாகக் கோத்துக் கட்டினால் உலோகம் தோலிற் படாது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டே இருந்த கடிகாரத்தின் பற்றரி ஏற்கெனவே பாதி செலவாகியிருக்கும். என் மகன் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கையில் புதுக் கடிகாரம் நின்றுபோனதற்கு இதுவே காரணம். வாங்கும்போதே புதுப் பற்றரி போட்டுத் தரச் சொல்லுங்கள்; அது சொற்பச் செலவு.

பற்றரியைப் பற்றி வேறொன்றும் சொல்லவேண்டும். இக்கட்டுரையிற் பெற்றார் மறவாதிருக்க வேண்டிய பகுதி இது. பாட்டும் விளக்குமாகச் சிறு குழந்தைகளுக்கு விற்கப்படும் விளையாட்டுக் கடிகாரங்களிற் பலவற்றின் முதுகு நகத்தாலே திறக்கக்கூடியது. உள்ளேயிருக்கும் நாணயம் போன்ற லிதியம் பற்றரி, குறிப்பாக 20 மில்லிமீற்றர் அகலமுள்ளது, விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயிற் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கும். பற்றரி உடைந்து நஞ்சு கசிவதால் மட்டும் வரும் தீங்கன்று இது. ஈரமான தசையினூடாக மின்சாரம் பாய, அவ்விடத்திலே காரம் உண்டாகித் தசையை அரிக்கின்றது. முதலில் இருமலோ உமிழ்நீர் வடிதலோ மட்டும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். விழுங்கியிருக்குமோ என்ற ஐயம் வந்தாலே போதும். வாந்தியெடுக்கச் செய்யாமல், காலையாகட்டும் என்று காத்திராமல், நேரே ஆசுபத்திரிக்குப் போய் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கச் சொல்லவேண்டும். வீட்டிற் கைக்குழந்தை இருந்தால், மூத்த பிள்ளையின் கடிகாரமும் திருகாணியால் முதுகு மூடப்பட்டதாகவே இருக்கட்டும். கழற்றிய பழைய பற்றரியைக் கடைக்காரரிடமே விட்டு வாருங்கள்.

பாட்டனாரின் கடிகாரத்தைத் துடைத்துப் பேரனுக்குக் கொடுக்க விரும்புவோரும் உண்டு. அன்பான எண்ணந்தான். ஆயினும் 1960 களுக்கு முன்னர் செய்யப்பட்டு, இலக்கங்களிற் பச்சையாக ஒளிரும் பூச்சுள்ளவற்றிற் பல ரேடியம் பூசப்பட்டவை. பூச்சின் ஒளி மங்கிப்போனாலும் ரேடியம் மங்குவதில்லை. அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் செல்லும். அதனைத் திறக்காமல் அலுமாரியில் வைத்து, கதையை மாத்திரம் பேரனுக்குச் சொல்லலாம்.

தொலைபேசியோடு பேசுகின்ற கடிகாரங்களைப் பற்றி விரித்துரைக்க விருப்பமில்லை. பரீட்சை மண்டபத்துக்குள் அவற்றைக் கொண்டு செல்ல முடியாது. இரவுதோறும் மின்னேற்றவும் வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இன்னொரு திரை எதற்கு?

என் மகளுக்கு வாங்கிக் கொடுத்தது வெள்ளை முகப்பும் சிவப்பு நிமிட முள்ளும் நீலத் துணிப் பட்டியுமுள்ள, பெயரில்லாத ஒரு கடிகாரம். அதனை அவள் இரண்டு முறை தொலைத்தாள். முதல் முறை, படலையைத் திறக்கும்போதே, "அப்பா, மணிக்கூட்டைத் துலைச்சுப்போட்டன்" என்று உரத்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். அது பாடசாலைக் காவலாளியிடம் பத்திரமாயிருந்தது. இரண்டாம் முறை கிடைக்கவில்லை. அன்றும் படலையிலிருந்தே சொன்னாள். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.