மீன் கூடையும் நாற்காலியும்

பொழுது புலர இன்னும் இரண்டு நாழிகை இருக்கும்போதே பொம்மையார்பாளையத்துக் கடற்கரை விழித்துக்கொண்டு விடுகிறது. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. ஆனால் கரைக்கு வந்த மீனைக் கூடையில் வாரிக்கொண்டு சந்தைக்கு விரையும் பெண்மணிகளின் அவசரம் மட்டும் மாறவில்லை. அதே சாலையில் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். அங்கேயும் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று ஆணும் பெண்ணும் இருட்டிலேயே பாத்தியில் இறங்குகிறார்கள். பிள்ளைகள் எழுந்து முகம் கழுவிப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் வேளையில், அநேக வீடுகளில் தாயார் இருப்பதில்லை.

இப்படிப்பட்ட ஒரு தாயாரைத் தேர்தலுக்கு நிற்கச் சொன்னால் என்ன சொல்வாள்? "நமக்கு எதுக்குங்க அதெல்லாம்!" என்று சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொள்வாள். ஆயினும் அவளுக்கென்றே ஒரு தேர்தல் இருக்கிறது. கொடி இல்லை, கோஷம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, டிபாசிட் கட்டவேண்டிய கவலையும் இல்லை. ஒவ்வோர் அரசாங்கப் பள்ளியிலும் நடைபெறும் பள்ளி மேலாண்மைக் குழுத் தேர்தலைத்தான் சொல்லுகிறேன்.

சட்டம் கொடுத்த இடம்

2009-ம் வருஷத்தில் பார்லிமெண்டு நிறைவேற்றிய கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தது. அதன் 21-வது பிரிவு, அரசாங்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் ஒரு குழு இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. குழுவின் அங்கத்தினரில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோரும் காப்பாளரும் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட, நலிந்த வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் தொகைக்கு ஏற்ற இடம் தரவேண்டும்.

தமிழ்நாட்டில் 2022-ம் வருஷம் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அங்கத்தினர் இருபதின்மர், அவர்களில் பெற்றோர் பதினைவர். தலைவர் பதவி ஒரு தாயாருக்கே உரியது என்று வகுத்தார்கள். தலைமை ஆசிரியரும், மற்றோர் ஆசிரியரும், உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் உடன் இருப்பார்கள். 2024-ம் வருஷம் மீண்டும் குழு அமைத்தபோது, பழைய மாணவர்களுக்கும் இடம் கொடுத்துத் தொகையை 24 ஆக உயர்த்தினார்கள். பதவிக்காலம் இரண்டு வருஷம்.

இதன் அருமையை அறிய வேண்டுமானால், நம் கடற்கரைக் கிராமங்களின் வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோழமண்டலக் கரையில் மீனவர் ஊர் ஒவ்வொன்றிலும் தொன்றுதொட்டு ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. படகுத் தகராறு முதல் கோவில் திருவிழா வரையில் அதுவே தீர்மானிக்கிறது. ஊருக்கு வரி கொடுப்பவரே அதில் பங்காளி. அந்த வரிக்காரர் பெரும்பாலும் ஆண்மக்களே. மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்குகிறவள் பெண். அவள் பேச்சு சபை ஏறுவதில்லை. அப்படிப்பட்ட ஊரிலே, பள்ளிக்கூடத்தில் மட்டும் ஒரு சபை கூடி, அதற்குத் தலைவியாக ஒரு தாயார் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று விதி சொல்லுகிறதென்றால், அது சிறிய சமாசாரமா?

லண்டனில் நடந்த கதை

பள்ளிக்கூடத்து வாசல் வழியாகப் பெண்கள் பொது வாழ்வில் புகுந்தது நம் நாட்டில் மட்டும் நடந்த அதிசயமன்று. இங்கிலாந்தில் 1870-ம் வருஷத்துக் கல்விச் சட்டம் பள்ளிக்கூட போர்டுகளை ஏற்படுத்தியது. பார்லிமெண்டுத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டில்லாத காலம் அது. 1918 வரையில் அந்த உரிமை வரவில்லை. ஆனால் பள்ளிக்கூட போர்டுத் தேர்தலில் ஸ்தல வரி கட்டும் பெண்கள் ஓட்டுப் போடலாம். பெண்கள் அபேட்சகராகவும் நிற்கலாம். முதல் தேர்தலிலேயே லண்டன் போர்டுக்கு எலிஸபெத் காரெட் என்ற பெண் டாக்டரும், எமிலி டேவிஸ் என்ற கல்வித் தொண்டரும் வெற்றி பெற்றார்கள். காரெட் அம்மையாருக்குக் கிடைத்தவை 47,858 ஓட்டுகள். எத்தனை ஸ்தானங்களோ அத்தனை ஓட்டு ஒவ்வொருவருக்கும் உண்டு. அத்தனையையும் ஒருவருக்கே போட்டுவிடலாம் என்பது அந்நாள் விதி. அப்படியிருந்தும், அதே தொகுதியில் நின்று ஜயித்த பிரசித்த விஞ்ஞானி ஹக்ஸ்லி அம்மையாருக்கு வெகு தூரம் பின்தங்கிப் போனார்.

பதினெட்டு வருஷங்களுக்குப் பின்பு, 1888-ல், அதே லண்டன் போர்டுக்கு இன்னோர் அம்மையார் நின்றார். கிழக்கு லண்டனின் ஏழைத் தொழிலாளர் வசிக்கும் டவர் ஹாம்லெட்ஸ் தொகுதி. பதினையாயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டுகள் பெற்று முதலாவதாக வந்தார். பசியோடு பள்ளிக்கு வரும் குழந்தைக்குப் பாடம் ஏறாது. அதற்கு முதலில் சோறு போடுங்கள் என்று போர்டில் வாதாடினார். அவர் யார் தெரியுமா? பிற்பாடு நம் அடையாற்றில் குடியேறி, ஹோம் ரூல் இயக்கம் நடத்தி, 1917-ல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த அன்னி பெஸண்ட் அம்மையார்தான்!

அவர் லண்டனில் பேசிய விஷயம் சென்னையிலும் பலித்தது. 1920-ல் பிட்டி தியாகராய செட்டியார் தலைமையில் இருந்த சென்னைக் கார்ப்பரேஷன் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்க முற்பட்டது. 1956-ல் காமராஜர் மதிய உணவை மாகாணம் முழுவதற்கும் பரவச் செய்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. நம் பிள்ளைகளின் தட்டில் விழும் சோற்றுக்கு இத்தனை நீண்ட சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தின் ஒரு முனையில், பள்ளிக்கூட போர்டில் ஒரு பெண்மணி பெற்ற ஸ்தானம் இருக்கிறது.

அன்று வரி; இன்று பிள்ளை

நம் தேசத்திலும் இது எளிதில் வந்துவிடவில்லை. 1911-ல் கோபால கிருஷ்ண கோகலே அவர்கள் கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். ஸ்தல ஸ்தாபனங்கள் விரும்பினால் தங்கள் எல்லையில் கல்வியைக் கட்டாயமாக்கலாம் என்பதற்கு மேல் அவர் அதிகம் கேட்கவில்லை. மறு வருஷம் 38-க்கு 13 என்ற கணக்கில் அதையும் தோற்கடித்தார்கள். பின்னால் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் பள்ளிகளை நடத்தின. ஆனால் அந்தப் போர்டுகளுக்கு ஓட்டுப் போடச் சொத்தும் வரியும் வேண்டியிருந்தன. கூடையைத் தவிர வேறு சொத்தில்லாதவளுக்கு அங்கே என்ன வேலை?

இப்போதைய குழுவுக்கு வேண்டிய யோக்கியதாம்சம் ஒன்றுதான்: அந்தப் பள்ளியில் உங்கள் பிள்ளை படிக்க வேண்டும். வரி ரசீது கேட்பாரில்லை. படிப்புச் சான்று கேட்பாரில்லை. "நான் படிக்காதவ, எனக்கு என்ன தெரியும், டீச்சரம்மா?" என்று பின்வாங்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்லலாம். பள்ளிப் படிப்பைப் பாதியிலே விட்டவர்தான் காமராஜர். ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறக்க அது தடையாக இருந்ததா?

உட்கார்ந்து என்ன செய்வது?

நாற்காலி கிடைத்தால் போதுமா? வேலை தெரிய வேண்டாமா? வேலை இதுதான்: பள்ளி நடக்கும் விதத்தைக் கவனிப்பது, அரசாங்கம் தரும் பணம் உரிய வழியில் செலவாகிறதா என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தயாரிப்பது. இதற்குப் பெரிய பாண்டித்தியம் வேண்டியதில்லை. சட்டத்தின் அட்டவணையிலேயே கேள்விகள் இருக்கின்றன. ஆரம்பப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரையில் இரண்டு ஆசிரியர், அறுபத்தொன்று முதல் தொண்ணூறு வரையில் மூன்று ஆசிரியர் இருக்க வேண்டும், இருக்கிறார்களா? ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும். இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா? நல்ல குடிநீர், சமையலறை, சுற்றுச் சுவர், விளையாடும் இடம் இவை உண்டா? ஐந்தாம் வகுப்பு வரையில் வருஷத்துக்கு 200 நாள் பள்ளி நடக்க வேண்டும்; நடந்ததா?

சட்டத்தில் எழுதாத கேள்விகளும் உண்டு. அவை இந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்கே தெரியும். 2004-ல் சுனாமியையும், 2011-ல் தானே புயலையும், 2024-ல் ஃபெஞ்சல் புயலையும் கண்ட கடற்கரை இது. புதுச்சேரித் துறைமுகத்தில் கல்லணை கட்டிய பிறகு, அதற்கு வடக்கேயுள்ள கரையைக் கடல் சிறிது சிறிதாகத் தின்று வருகிறது. மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கூலி நின்றுபோகும் மாதங்களில் எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வருவதை நிறுத்துகிறது, எட்டாம் வகுப்பு முடித்த பெண் ஏன் வீட்டோடு நின்றுவிட்டாள் என்பவை எந்த அதிகாரியின் பதிவேட்டிலும் இரா. மீன் கூடைக்காரிக்குத் தெரியும்; அவள் அந்த வீட்டுக்கு அடுத்த வீடு. குழுவில் அவள் இல்லாவிட்டால் இந்தக் கேள்வியும் இல்லை.

நம் பங்கு

இந்த ஏற்பாட்டில் குறை ஒன்று உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. தேர்தல் நாளன்று பெற்றோர் வராவிட்டால், வந்த நாலு பேரின் பெயரையே எழுதிவிட நேரும். அப்புறம் மாதாந்தரக் கூட்டத்துக்கும் ஆள் சேராது. கையெழுத்துக்கு மட்டும் நோட்டுப் புத்தகம் வீடு தேடி வரும். குழு காகிதத்தில் இருக்கும். பள்ளி இருந்தபடியே இருக்கும். தாய்மாருக்கு அக்கறையில்லை என்று இதற்குக் காரணம் சொல்லிவிடுவது சுலபம். கூலி போகுமே என்ற பயம்தான் மெய்யான காரணம்.

இதைப் படிக்கும் நம்மில் பலர் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டோம். 'நமக்கும் இந்தக் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?' என்று தோன்றலாம். சம்பந்தம் உண்டு. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளின் பிள்ளையும், வாசலில் மீன் விற்கும் அம்மாளின் பிள்ளையும், கடற்கரை விடுதிகளில் அறை பெருக்கும் அம்மாளின் பிள்ளையும் அந்தப் பள்ளியில்தான் படிக்கின்றன. "உங்க பள்ளிக்கூடத்துலே எப்போ தேர்தல்? நீங்க நிக்கலாமே, அம்மா!" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். கூட்டம் உள்ள நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக, சம்பளத்தில் பிடிக்காமல், அனுப்பி வைக்கலாம். திட்டத்தையும் கணக்கையும் வாசித்து விளங்கச் சொல்லலாம். இதற்குப் பணம் வேண்டாம். மனம் இருந்தால் போதும்.

சுதந்திரம் என்பது தில்லியிலும் சென்னையிலும் மட்டும் இருக்கும் வஸ்துவன்று. பொம்மையார்பாளையம் போன்ற ஒரு கடற்கரை ஊரில், ஈரக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தலைமை ஆசிரியருக்குச் சமமாக ஒரு தாயார் நாற்காலியில் உட்கார்ந்து, "போன மாசம் சொன்ன தண்ணிக் குழாய் என்ன ஆச்சு, சார்?" என்று கேட்கிறாளே, அந்த இடத்திலும் அது இருக்கிறது. அடுத்த தேர்தலில் அந்த நாற்காலி காலியாக இராமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய கடமை.