நல்லா இருக்கிறது என்றால்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். 1970களில் சீனாவில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையிடம் நான்கு பொருள் எதிர்பார்ப்பார்கள்: கைக்கடிகாரம், சைக்கிள், தையல் மிஷின், ரேடியோ. சுழல்வது மூன்று, ஒலிப்பது ஒன்று என்று அதற்குப் பேரே உண்டு. அடுத்த பத்து வருஷத்தில் டிவியும் ஃபிரிட்ஜும் வாஷிங் மிஷினும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.

நம்ம ஆம்பூரில் குடும்பங்களை நிமிர்த்தியதும் தையல் மிஷின்தான்; ஆனால் அது கம்பெனிக்குள் இருந்தது. 1970களில் அரசு, பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதைக் குறைத்து, முடித்த தோலாகவும் ஷூவாகவும் அனுப்பச் சொன்னது. ஆவாரம்பட்டையும் சுண்ணாம்புக் குழியுமாக இருந்த ஊர்ப்பக்கம் ஷூ கம்பெனிகள் எழுந்தன. விடிந்தும் விடியாமல் கம்பெனி பஸ் கிராமத்துக்குள் வந்து நிற்கும். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற பெண்ணின் விரலைக் கவனித்திருக்கிறீர்களா? துணி என்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கினால் அந்த ஓட்டை ஓட்டைதான். எட்டு மணி நேரமும் கண் அந்த ஓரத்திலேயே இருக்க வேண்டும். அந்தச் சம்பளத்திலும் பி.எஃப்பிலும் தீபாவளி போனஸிலும்தான் எத்தனையோ பிள்ளைகள் காலேஜ் போனார்கள். எனக்கு அது சாதாரண விஷயமில்லை.

அதற்குள், தோல் பதனிடும் டேனரிகளின் கழிவால் பாலாறு கெட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று சொல்லி, டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காகத் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. இன்றைக்கும் ஆற்றங்கரை வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, பக்கத்திலேயே காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீரும் இருக்கிறது. மனசு வலிக்கிறது.

மறுபடி சீனாவுக்கு வருவோம். அங்கே 1979இல் தலைவர் டெங் சியாவ்பிங் 'ஓரளவு வசதியான வாழ்வு' என்று ஒரு இலக்கு வைத்தார். 2021இல் அதை எட்டிவிட்டோம் என்று அரசு அறிவித்தது. அதே வருஷம் அங்கே இளைஞர்கள் 'பேசாமல் படுத்துக்கொள்கிறோம்' என்றார்கள். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, வாரம் ஆறு நாள் உழைத்துக் களைத்தவர்கள் அவர்கள். அதைச் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். நம் சட்டமன்றத்திலும் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று வாபஸ் ஆனது.

போன வாரம் எங்கள் தெருவில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்ணிடம், "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டேன். "இந்த வாரம் ஓ.டி. இல்லண்ணா, பொழுதோட வந்துட்டேன்" என்றாள்.